குளத்து நீர்மட்டக் குறிப்பும் மணிக்கூட்டுப் பிழையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனகராயன் ஆற்றோரத்திலும் அதனோடு சேர்ந்த குளங்களிலும் மழையையும் நீர்மட்டத்தையும் ஊரவர்களே குறித்து வைக்கவேண்டும், அப்போதுதான் மேலே கொட்டிய மழை கீழே எத்தனை மணித்தியாலத்தில் வெள்ளமாக வந்து சேரும் என்று கணக்குச் சொல்லலாம் என உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல யோசனை. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைக் கண்டவர்களுக்கு அதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. அளவுகோலை எங்கே நடுவது, கொப்பியில் எப்படிக் கோடு போடுவது என்றெல்லாம் அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நேரத்தைப் பற்றி மட்டும் "சரியான நேரத்தைக் குறிக்கவும்" என்ற ஒரு வரியோடு விட்டுவிட்டார். நீர்மட்டப் பதிவுக் கருவிகளின் மணிக்கூடுகளோடு மாரடிக்கிற எங்களுக்கு அந்த ஒரு வரி போதாது என்று படுகிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். மேல் அளவுகோலுக்கும் கீழ் அளவுகோலுக்கும் இடையில் ஆற்றுவழியே 15 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தின் உச்சம் உண்மையில் 3 மணித்தியாலத்தில் இறங்குகிறது, அதாவது மணிக்கு 5 கிலோமீற்றர். மேலே குறிப்பவரின் மணிக்கூடு 10 நிமிடம் பிந்தியும் கீழே குறிப்பவரின் மணிக்கூடு 10 நிமிடம் முந்தியும் ஓடினால் கொப்பியில் 3 மணி 20 நிமிடம் என்று விழும். அடுத்த மாரியில் அந்தக் கணக்கை நம்பி மாட்டை அவிழ்க்கப் போகிறவர் 20 நிமிடம் பிந்திவிடுவார். இருவருடைய மணிக்கூடும் 10 நிமிடம் முந்தி ஓடினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கழித்துப் பார்க்கும்போது பிழையும் சேர்ந்து கழிந்துவிடும். ஆகவே ஆற்றைக் கணக்கெடுக்க முதலில் வேண்டியது எல்லா மணிக்கூடும் ஒன்றோடொன்று ஒத்து ஓடுவது. அவை நாட்டின் நேரத்தோடு ஒத்து ஓடுகின்றனவா என்பது இரண்டாவது கேள்வி. அதை ஓரிடத்தில் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும்.

பழைய கொப்பிகளை எடுத்துக் கூட்டிக் கழிக்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 1996 மே 25 அன்று நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. ஒக்ரோபர் 26 அன்று அதில் அரை மணி திருப்பி எடுக்கப்பட்டது. கிறீன்விச் நேரத்துக்கு 6 மணித்தியாலம் முந்திய அந்த நேரம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. இங்கே பழைய ஐந்தரை மணியே ஓடியது. வவுனியா நகரில் காலை 9 மணி என்றால் ஓமந்தைக்கு வடக்கே 8.30. கனகராயன் ஆறோ வவுனியா மாவட்டத்தில் தொடங்கிச் சுண்டிக்குளக் கடனீரேரியில் முடிகிறது. அந்தப் பத்தாண்டுக் கொப்பியில் 8.30 என்று கண்டால் அது எந்த 8.30 என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பக்கத்துக் கொப்பியோடு சேர்க்கக் கூடாது.

எவ்வளவு திருத்தம் வேண்டும் என்பதில் மிகைப்படுத்த நாங்கள் விரும்பவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளவுகோலைப் பார்த்து எழுதுகிறவருக்கு ஒரு நிமிடத்துக்குள் சரியாக இருந்தால் தாராளம். அதற்குக் கைத்தொலைபேசியே போதும், நேரத்தைத் தானாக எடுக்கும் தெரிவு போடப்பட்டிருந்தால். கையால் நேரம் வைத்த தொலைபேசி சுவர் மணிக்கூட்டை விட மேலானதல்ல. மின்சாரம் நின்று தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிட்டால் தொலைபேசி தனக்குள் இருக்கும், அதிர்ந்து நேரம் எண்ணும் படிகத்தில் ஓடும். அதிலும் ஒரு நாளைக்கு ஓரிரு செக்கனுக்கு மேல் பிழை வராது. தொடர்பில்லாத இடத்தில் பற்றரி முழுதாக இறங்கி மறுபடி எழும் தொலைபேசியைத்தான் நம்பக் கூடாது. சிலவற்றில் திகதியே வேறாக வரும், வெள்ள இரவில் யாரும் அதைக் கவனிப்பதில்லை.

செக்கனுக்குள் ஒத்திருக்க வேண்டிய வேலைகள் வேறு. 10 செக்கனுக்கு ஒரு தடவை அளக்கும் தானியங்கிக் கருவிகள் அதில் ஒன்று. பாடசாலைகள் செய்ய விரும்பும் இடியோசைப் பதிவு இன்னொன்று. மூன்று இடங்களில் ஒரே இடியைப் பதிந்து, சத்தம் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து இடி விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நம் வெக்கையில் சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். ஒரு மணிக்கூடு ஒரு செக்கன் பிழைத்தால் இடி விழுந்த இடம் வரைபடத்தில் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இத்தகைய வேலைகளுக்கு வானொலியை விட மலிவான வழி இன்னும் இல்லை.

வானொலி நேர ஒலி என்றதும் எல்லோரும் செய்திக்கு முன்னால் வரும் ஆறு ஒலிகளை நினைப்பார்கள். 1924 பெப்ரவரி 5 அன்று பிபிசி தொடக்கி வைத்த முறை அது. முதல் ஐந்தும் பத்தில் ஒரு செக்கன் நீளம், ஆறாவது அரை செக்கன். மணி பிறப்பது ஆறாவது ஒலியின் தொடக்கத்தில். அது முடிகிற வரை காத்திருந்து பொத்தானை அமுக்குபவரின் மணிக்கூடு அரை செக்கன் பிந்திவிடும். இது மிகப் பரவலான பிழை. இன்னொன்று, ஆறாவது ஒலியைக் கேட்டபிறகு அமுக்குவது. காதில் விழுந்து விரல் அசைய ஏறக்குறைய ஐந்தில் ஒரு செக்கன் ஆகும். முதல் ஐந்து ஒலிக்கும் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்து ஆறாவதை அதே தாளத்தில் அமுக்கினால் பிழை அதில் கால்வாசியாகும்.

வானலை வேகமானது, மில்லிசெக்கனுக்கு 300 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு நேர்கோட்டில் 280 கிலோமீற்றர் அளவில். ஒரு மில்லிசெக்கனுக்குள் வந்துவிடும். அதே ஒலி வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து 10 மீற்றர் தள்ளி நிற்பவரின் காதுக்கு வர 29 மில்லிசெக்கன் எடுக்கும். கொழும்பிலிருந்து வந்த நேரத்தைப் போல முப்பது மடங்கு, வீட்டு விறாந்தைக்குள்ளேயே! ஆகவே தூரத்து நிலையம் என்று கவலைப்படுவதை விட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

உண்மையான சுணக்கம் வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கலையகத்தில் பிறந்த ஒலி ஒலிபரப்புக் கோபுரத்துக்கு எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. செய்மதி வழியாகப் போனால் 35,786 கிலோமீற்றர் மேலே ஏறி அவ்வளவும் இறங்கவேண்டும், அதிலேயே கால் செக்கன் போய்விடும். நடுவில் ஒலியை எண்களாக்கிச் சுருக்கி மறுபடி விரிக்கும் கருவிகள் தம் பங்குக்கும் சுணக்கும். பண்பலை நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு மாவட்டங்களில் வெவ்வேறு அலைவரிசையில் அஞ்சல் செய்கின்றன. ஒவ்வொரு அஞ்சல் கோபுரத்துக்கும் ஒலி ஒரே வழியால்தான் போகிறது என்று யாரும் உறுதி தரவில்லை. இதைச் சோதிப்பது எளிது. அதே நிலையத்தின் இரண்டு அலைவரிசையும் எடுபடக்கூடிய ஓர் இடத்தில் இரண்டு வானொலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றில் ஒன்று, மற்றதில் மற்றது என்று திருப்புங்கள். அறிவிப்பாளரின் குரல் ஒன்றாகக் கேட்டால் வித்தியாசம் 30 மில்லிசெக்கனுக்குள். எதிரொலி போல இரட்டித்துக் கேட்டால் அதற்கு மேல். வார்த்தை முழுதாகப் பிந்தி வந்தால் அந்த இரண்டு அலைவரிசையையும் ஒரு கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

இணைய வானொலி, கைத்தொலைபேசிச் செயலி, செய்மதித் தொலைக்காட்சி ஆகியவற்றில் வரும் நேர ஒலியையும் திரையின் மூலையில் தெரியும் மணியையும் இந்த வேலைக்கு முழுதாக ஒதுக்கிவிடுங்கள். தொலைக்காட்சியில் சுணக்கம் சில செக்கன், இணையத்தில் அரை நிமிடம் வரைகூடப் போகும். சுணக்கம் பெரிது என்பதைவிட அது நாளுக்கு நாள், வீட்டுக்கு வீடு மாறுவதுதான் வில்லங்கம். தொடர்பு அறுந்து மறுபடி இணையும் ஒவ்வொரு முறையும் செயலி வேறொரு அளவு சேமித்து வைத்துக்கொண்டு ஒலிக்கத் தொடங்கும். மாறாத சுணக்கத்தைக் கழித்துவிடலாம். மாறும் சுணக்கத்தை என்ன செய்வது?

இந்த வகையில் வன்னிக்கு வாய்த்த நல்ல ஒலிபரப்பு கடலுக்கு அப்பால் இருக்கிறது. தூத்துக்குடி வானொலியின் மத்திய அலை 1053 கிலோஹேர்ட்ஸ், திருச்சி 936 கிலோஹேர்ட்ஸ். இரண்டும் கிளிநொச்சியிலிருந்து 250 கிலோமீற்றர் அளவில். வழியில் உப்புக்கடல் இருப்பதால் பகலிலும் தரையை ஒட்டி வரும் அலை தேயாமல் வந்து சேரும். ஒரே கோபுரத்தை வவுனியாவும் முல்லைத்தீவும் பூநகரியும் கேட்கின்றன. மாவட்டத்துக்கு மாவட்டம் தூர வித்தியாசம் 100 கிலோமீற்றர் என்றாலும் நேர வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லிசெக்கன்தான். அங்கும் நம்முடைய ஐந்தரை மணிதான் நேரம். செய்தி டில்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ செய்மதி வழியாக வருமென்றால் அந்த நேர ஒலி கால் செக்கனோ அதற்கு மேலோ பிந்தித்தான் ஒலிக்கும். ஒலிக்கட்டும். எல்லோருக்கும் அதே அளவு பிந்துகிறது, நமக்கு அது போதும். இரவில் மட்டும் கவனம்: வேற்று நிலையங்கள் வான்வழியே வந்து கலக்கும், எது எந்தக் குரல் என்று பிரிக்க முடியாமல் போகும். காலைச் செய்தியை எடுத்துக்கொள்வதே நல்லது.

ஒரே ஒலிபரப்பை இரண்டு இடத்தில் கேட்டு இரண்டு மணிக்கூட்டை ஒப்பிடுவது அளவியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. 1967இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பின் ஒத்திசைவுத் துடிப்பை இரண்டு இடங்களில் பிடித்து மைக்ரோசெக்கன் அளவில் மணிக்கூடுகளை ஒப்பிட்டார்கள். 1980இல் அமெரிக்க அளவியலாளர்கள் அலனும் வைஸும் அதே முறையை ஜி.பி.எஸ் செய்மதிகளுக்குக் கொண்டுபோனார்கள். நாடுகளின் அணு மணிக்கூடுகளை ஒப்பிடுவதில் அந்த வழி இன்றும் புழக்கத்தில் உண்டு.

செய்முறை இது. பதிவுக் கருவியில் ஒரு சிறிய 5 வோல்ற் பசர் (கீச்சென்று ஒலிக்கும் ஒலிப்பான்) பூட்டி, தன் கணக்கில் ஒவ்வொரு நிமிடமும் பிறக்கும்போது ஒரு தடவை கத்தவிடுங்கள். வானொலியைக் கருவிக்குப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் சம தூரத்தில், அரை மீற்றருக்குள், கைத்தொலைபேசியை வைத்து ஒலிப்பதிவைப் போடுங்கள். 35 சென்ரிமீற்றர் கூடக்குறைய இருந்தால் ஒரு மில்லிசெக்கன் பிழை, அவ்வளவுதான். செய்தி நேரத்துக்கு ஒரு நிமிடம் முன் தொடங்கி ஒரு நிமிடம் பின்னர் நிறுத்துங்கள். பசரும் நேர ஒலியும் ஒரே பதிவில் இருப்பதால் தொலைபேசியின் மணி சரியா பிழையா என்ற கவலை இல்லை. பதிவைக் கணினியில் ஓடாசிற்றி போன்ற மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் பசர் எழும் இடமும் ஆறாவது ஒலி எழும் இடமும் கண்ணுக்குத் தெரியும். இடைவெளியை மில்லிசெக்கனில் வாசிக்கலாம்.

மாங்குளத்துக் கருவியில் 6.00க்கான பசர் கத்தி 2.350 செக்கன் கழித்து ஆறாவது ஒலி எழுந்தது என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் ஒலி எழுந்த கணத்தில் மாங்குளத்து மணிக்கூடு 6 மணி 0 நிமிடம் 2.350 செக்கன். புதுக்குடியிருப்பில் ஆறாவது ஒலி எழுந்து 1.120 செக்கன் கழித்துத்தான் 6.00க்கான பசர் கத்தியது. அங்கே மணிக்கூடு 5 மணி 59 நிமிடம் 58.880 செக்கன். மாங்குளம் புதுக்குடியிருப்பை விட 3.470 செக்கன் முந்தி ஓடுகிறது. நேர ஒலி சரியான நேரத்தில் ஒலித்ததா என்ற கேள்வி இதில் எங்கேயும் எழவில்லை. சொல்லப்போனால் நேர ஒலியே தேவையில்லை. இரண்டு பதிவிலும் அடையாளம் காணக்கூடிய எந்தக் கூர்மையான ஓசையும் போதும், கச்சேரியில் மிருதங்கத்தின் ஒரு தட்டுக்கூட.

பதிவில் கெட்டுப்போகக்கூடியவை இரண்டு. இரைச்சலைத் தானாக அடக்கும் வசதி சில தொலைபேசிகளில் உண்டு. ஒரே சுருதியில் ஒலிக்கும் நேர ஒலியை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். அந்த வசதியை நிறுத்துங்கள், வாட்ஸ்அப் குரல்செய்தியாகப் பதியாமல் ஒலிப்பதிவுச் செயலியில் உயர்ந்த தரத்தில் பதியுங்கள். இன்னொன்று, பசரை மிகக் கிட்டத்தில் வைத்து நேர ஒலியை அமுக்கிவிடுவது. பசரின் வாயில் ஒரு துண்டு ஒட்டுநாடா போட்டால் சரி.

வித்தியாசம் தெரிந்தவுடன் மணிக்கூட்டைத் திருத்தத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். திருத்தாதீர்கள். ஓடுகிறபடி ஓடவிட்டு வித்தியாசத்தை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். கப்பல்காரர் தம் நேரமானியை அப்படித்தான் வைத்திருந்தார்கள். திருத்திய மணிக்கூட்டின் பழைய பிழை அழிந்துபோகும், திருத்துகையில் விட்ட புதிய பிழை யாருக்கும் தெரியாது. எழுதிவைத்தால் நடுவில் எந்த நாளுக்கும் கணக்குப் போடலாம். நவம்பர் 1 காலை 6 மணிக்கு 4 செக்கன் முந்தி, நவம்பர் 11 காலை 6 மணிக்கு 21 செக்கன் முந்தி என்றால் நாளொன்றுக்கு 1.7 செக்கன். நவம்பர் 6 மாலை 6 மணிக்கு வெள்ள உச்சம் பதிந்திருந்தால் ஐந்தரை நாளுக்கு 9.35 செக்கன், முதலில் இருந்த 4ஐயும் சேர்த்து 13 செக்கன் சொச்சம் கழிக்கவேண்டும்.

இந்த ஓட்டப்பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆடுயினோ என்ற சிறு கணினிப் பலகையை மட்டும் வாங்கி அதன் சொந்த எண்ணிக்கையில் நேரம் பார்ப்பவர்கள் உண்டு. அதன் ஊனோ வகைப் பலகையின் பிரதான சிப்பை ஓட்டுவது படிகம் அல்ல, செராமிக் அதிர்வி. அதன் பிழை அரை வீதம் வரை போகலாம், அதாவது நாளுக்கு 7 நிமிடம். அதைக் கொண்டு வெள்ளம் பார்க்க முடியாது. டிஎஸ்1307 நேரச் சிப்பும் 32,768 ஹேர்ட்ஸ் படிகமும் போட்டால் நாளுக்கு ஓரிரு செக்கன். அந்தப் படிகம் 25 பாகை செல்சியஸில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. சூடு ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகவே ஓடும், அதுவும் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி. வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் 55 பாகை இருக்குமானால் அந்தச் சூட்டில் நாளுக்கு இரண்டரை செக்கன் அளவில் பிந்தும். பெட்டிக்கு வெள்ளைப் பூச்சு, மேலே ஒரு கிடுகு நிழல், இரண்டும் மலிவான மருந்து. டிஎஸ்3231 சிப் தன் சூட்டைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 பாகை வரை வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குமேல் பிழைக்காது. நாங்கள் அதையே வாங்கச் சொல்வோம்.

சந்தையில் கிடைக்கும் டிஎஸ்3231 பலகைகளில் ஒரு குறை. பலவற்றில் பற்றரிக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று பூட்டியே வருகிறது. அதில் மின்னேற்ற முடியாத சிஆர்2032 பற்றரியைப் போட்டால் 5 வோல்ற்றில் பற்றரி ஊதும், சில மாதத்தில் கசிந்து பலகையையும் தின்றுவிடும். கண்ணாடி டயோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் 200 ஓம் தடையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்.

நாட்டின் நேரத்தோடு ஒப்பிடுவது குழுவில் ஒருவர் செய்தால் போதும் என்றோம். இலங்கையின் நியம நேரத்தைப் பேணுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். இணையம் வடிவாக வேலைசெய்யும் இடத்தில் கணினியின் என்ரிபி (இணையத்தில் கேட்டு நேரம் எடுக்கும் முறை) வசதி சில பத்து மில்லிசெக்கனுக்குள் நேரத்தைத் தரும். கேள்வி போய்ப் பதில் திரும்பிவர எடுத்த நேரத்தை அளந்து, போகவும் வரவும் சம நேரம் என்று எடுத்து அது கணக்குப் போடுகிறது. போகவர 120 மில்லிசெக்கன் என்றால் பிழை எந்நாளும் 60க்கு மேல் போகாது. அலைவரிசை மங்கிய ஊரில் போகவர ஒன்றரை செக்கன் என்று காட்டினால் அந்தப் பதிலைத் தள்ளிவிடுங்கள்.

இணையம் இல்லாத இடத்துக்குச் சிற்றலை. சீனாவின் பூச்செங்கிலிருந்து பிபிஎம் என்ற நேர நிலையம் 5, 10 மெகாஹேர்ட்ஸில் நாள் முழுதும், 15 மெகாஹேர்ட்ஸில் பகலிலும் செக்கனுக்கு ஒரு தட்டுத் தட்டுகிறது. 29ஆம் 59ஆம் நிமிடத்தில் மோர்ஸிலும் பெண்குரலிலும் தன் பெயர் சொல்லும். நம் நேரம் அரை மணியில் நிற்பதால் அந்த நிமிடங்கள் நமக்கும் 59, 29 என்றே வரும். அதற்கு முன்னுள்ள நான்கு நிமிடம், 25 முதல் 29 வரையும் 55 முதல் 59 வரையும், பூமியின் சுழற்சியை ஒட்டிய வேறு நேரம் ஒலிக்கும். தட்டுகள் நீளமாகக் கேட்டால் அதுதான். அதில் மணிக்கூடு பார்த்தால் பிழை 0.9 செக்கன் வரை போக இடமுண்டு. இன்னொரு நுணுக்கம்: பிபிஎம் தன் தட்டுகளை 20 மில்லிசெக்கன் முந்தியே அனுப்புகிறது. இங்கிருந்து 4,100 கிலோமீற்றர், வான்மண்டலத்தில் பட்டுத் தெறித்து வர 14 அல்லது 15 மில்லிசெக்கன். ஆக நம்மிடம் 5 மில்லிசெக்கன் அளவு முந்திக் கேட்கும். ஏரியலுக்கு 10 மீற்றர் வயர் போதும். சூரியத் தகட்டின் சார்ஜ் கட்டுப்படுத்தி, எல்ஈடி விளக்கு, தொலைபேசிச் சார்ஜர் மூன்றையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இவை ஓடும் வீட்டில் சிற்றலை வெறும் இரைச்சல்.

ஜி.பி.எஸ் இவை எல்லாவற்றையும் விடத் திருத்தமானது. நியோ-6எம் போன்ற சின்ன பலகை செக்கனுக்கு ஒரு துடிப்பை மைக்ரோசெக்கனுக்கும் குறைந்த பிழையில் தரும். ஆனால் வாங்கி வந்தவர்கள் அநேகமாக அந்தத் துடிப்பை விட்டுவிட்டு எழுத்தாக வரும் நேரத்தை வாசிக்கிறார்கள். செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் 960 எழுத்துத்தான் வரும். பலகை அனுப்பும் வரிகள் எல்லாம் சேர்ந்து நானூறு ஐந்நூறு எழுத்து. உங்கள் வரி அந்த வரிசையில் கடைசியில் நின்றால் அரை செக்கன் போய்விட்டது. துடிப்பு ஏறும் விளிம்பில் செக்கனைத் தொடங்கி, அதற்குப் பிறகு வரும் வரியை அந்தச் செக்கனின் பெயர் என்று எடுக்கவேண்டும். அடுத்த துடிப்பின் பெயராக எடுத்தால் சரியாக ஒரு செக்கன் பிழைக்கும், அதுவும் எந்நாளும் மாறாத ஒரு செக்கன் என்பதால் கண்ணில் படவே படாது.

மற்ற வில்லங்கம் 18 செக்கன். செய்மதிகளின் உள்நேரம், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் இடையிடையே கூட்டப்படும் பாய்ச்சல் செக்கனைச் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது உலக நேரத்தை விட 18 செக்கன் முந்தி நிற்கிறது. எவ்வளவு கழிக்கவேண்டும் என்ற செய்தியும் செய்மதியிலிருந்தே வரும், ஆனால் முழுச் செய்தியும் ஒரு சுற்று வர 12.5 நிமிடம். நாட்கணக்கில் நிறுத்திவைத்த பலகையை மூட்டி முதல் நிமிடத்திலேயே நேரம் எடுத்தால் சில செக்கன் பிழைக்கலாம். கால் மணித்தியாலம் விட்டு எடுங்கள். 2019 ஏப்ரல் 6 அன்று செய்மதிகள் திகதிக்காக அனுப்பும் வார எண்ணிக்கை 1023ஐத் தாண்டிச் சுழியத்துக்குத் திரும்பியதால் சில பழைய பலகைகள் இருபது வருடம் பின்னால் திகதி காட்டும். மணி, நிமிடம், செக்கன் சரியாகவே இருக்கும், திகதியை மட்டும் விட்டுவிடலாம். அன்ரனா தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்யாது. வெளியே வைத்தால் வயரைக் குரங்கு கடிக்காமல் குழாய்க்குள் விடவேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு மிகப் பிடித்த ஒலிபரப்பு. அதற்கு நிலையமும் இல்லை, கோபுரமும் இல்லை. மின்னல் வெட்டும் ஒவ்வொரு தடவையும் மத்திய அலை வானொலியில் "படக்" என்று ஒரு வெடிப்புக் கேட்கும். அது மின்னலிலிருந்து புறப்பட்ட வானலை. மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் 50 கிலோமீற்றருக்குள்தான். எந்தத் திசையில் மின்னினாலும் இரண்டு இடத்து வானொலியிலும் அந்த வெடிப்பு ஆறில் ஒரு மில்லிசெக்கன் வித்தியாசத்துக்குள் விழும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடிமழை கட்டும்போது வானொலியை 600 கிலோஹேர்ட்ஸ் பக்கம் நிலையம் இல்லாத இடத்தில் நிறுத்தி, முன் சொன்னபடி பசரோடு சேர்த்து ஐந்து நிமிடம் பதியுங்கள். ஒரு வெடிப்பை வைத்துப் பார்த்தால் குழப்பம் வரும். பத்து இருபது வெடிப்புகளின் இடைவெளி ஒழுங்கு எந்த இரண்டு நிமிடத்திலும் ஒன்றாக இராது. இரண்டு பதிவையும் கணினியில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து ஒன்றை நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் எல்லா வெடிப்பும் நேருக்கு நேர் வந்து பொருந்தும். பிறகு இரண்டு பசரையும் பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். கோபுரம் விழுந்து, மின்சாரம் போய், இணையம் செத்துக் கிடக்கும் இரவிலும் இது வேலை செய்யும். வானொலியை மின்கலத்தில் ஓட்டுங்கள். இடி தலைக்கு மேலே வந்துவிட்டால் வெளியே இழுத்த வயரைக் கழற்றி, பதிவையும் நிறுத்திவிடுங்கள்.

கொப்பியில் நேரத்துக்கு ஒரு நிரல் இருப்பது போதாது. எந்த மணிக்கூடு, கடைசியாக எந்த ஒலியோடு எப்போது ஒப்பிட்டது, அப்போது எவ்வளவு முந்தி அல்லது பிந்தி என்று இன்னும் மூன்று நிரல் வேண்டும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஆசிரியர் அவர்களே. மாரி காலத்தில் இரணைமடுவினதும் மற்றக் குளங்களினதும் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் வெளியிடுகிறீர்கள். அந்த அளவை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் ஓர் எண்ணாகப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
நீர்மட்டப் பதிவுக் கருவிகள் பராமரிப்போர் சிலர்,
கிளிநொச்சி.